ஊசிக்கல்லில் மிச்சம் விழுந்த காலம்

முதல் அநியாயம் கப்பலை விட்டு இறங்கிய கரையில் நடந்தது; எங்கள் முன்னோர் சொன்ன பெயர்களை, அந்தப் பெயர்களை வாயால் சொல்லத் தெரியாத ஒருவன் தன் காதுக்கு விழுந்தபடி எழுதிக்கொண்டான். இரண்டாவது, அந்தப் பிழைப் பெயரும் நீளம் என்று, ஊசிக்கல் தேயிலைத் தோட்டத்தில் ஆளுக்கொரு நம்பரைக் கொடுத்து, கூப்பிட்டால் நம்பருக்குப் பதில் சொல்லப் பழக்கியது. மூன்றாவது, ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர் வைத்தது. கொழுந்து நிறுவையில் நிறைந்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர், இப்படி மனுசனுக்கு இருக்க வேண்டியது கூலிக்குப் போய்ச் சேர்ந்தது. நான்காவது, நீங்கள் இந்த நாட்டு ஆட்களே இல்லை என்று சட்டம் போட்டு, பிறகு இரண்டு நாட்டுக்காரர்களும் எங்களைப் பங்கு பிரித்து, அண்ணனை அந்தக் கரைக்கு ஏற்றித் தங்கையை இந்தக் கரையில் விட்டது. ஐந்தாவது, அடைமழையில் ஏழாம் நம்பர் மலை சரிந்த அன்று, அந்த மலையில் வேலையே நடக்கவில்லை, ஆட்சேதம் எதுவும் இல்லை என்று அப்போதிருந்த துரை மேலிடத்துக்கு எழுதியது.

வரிசையை மாற்றிச் சொன்னால் ஒவ்வொன்றும் ஒரு தற்செயல் போலத் தெரியும். வரிசையாகச் சொன்னால்தான் ஒரு கை செய்த வேலை என்பது புரியும். நான் பள்ளிக்கூடத்தில் படித்தவன் இல்லை. துண்டுப் பிரசுரங்களைக் கூட்டிக் கூட்டி வாசித்து எழுத்துக் கற்றவன், இரண்டு தொழிற்சங்கங்கள் என்னைத் தூக்கி எறிந்தன, இரண்டும் இன்று துரைமாரோடு ஒரே மேசையில் தேநீர் குடிக்கின்றன. ஐந்தாவது அநியாயம் நடந்த வாரம் வேலைநிறுத்த வழக்கில் உள்ளே இருந்தேன். வெளியே வந்தபோது ஏழாம் நம்பர் மலையில் புல் முளைத்திருந்தது. அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து ஊசிக்கல்லில் மிச்சம் விழத் தொடங்கியது.

பெருமழை விட்ட ஒரு காலையில், தொழிலாளர் வரிசை வீடுகளில் நாலாம் லயத்து ரெங்கநாயகி பதினைந்து ரொட்டி சுட்டு மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஐந்தாகக் கொடுத்தாள், கொடுத்த பிறகு தட்டில் இரண்டு ரொட்டி இருந்தன. திருப்பி வாங்கி அடுக்கி எண்ணினாள், பதினைந்துதான். மறுபடி பங்கு வைத்தாள், மறுபடி இரண்டு மிஞ்சியது. மாவில் ஏதோ குறை என்று நினைத்துப் பக்கத்துக் காம்பரா அறைக்குப் போனால், அங்கே ஒரு தாய் மூன்று வாழைப்பழத்தை மூன்று பேருக்குக் கொடுத்துவிட்டு மடியில் கிடந்த இரண்டு பழத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியானத்துக்குள் எல்லா லயங்களிலும் ஒரே பேச்சு. எதை எடுத்தாலும், எத்தனை எடுத்தாலும், மூன்றாகப் பிரித்தால் இரண்டு மிஞ்சியது. ஐந்தாகப் பிரித்தால் மூன்று மிஞ்சியது. ஒரு வாரத்துக்கென்று அரிசியை ஏழு பொட்டலமாகக் கட்டியவர்கள் வீட்டில் கட்டாத இரண்டு பொட்டலத்து அரிசி கிடந்தது. ஒன்பது பங்கில் எட்டும் பத்துப் பங்கில் மூன்றும் நின்றன. பத்துக்கு மேல் போனால் பங்கு ஒழுங்காக வந்தது. இரண்டு கை விரலுக்குள் அடங்கும் பங்கில்தான் மிச்சம் விழுந்தது, அதற்கு மேல் அதற்கும் எண்ணத் தெரியாது போலும் என்று பேசிக்கொண்டார்கள்.

மிஞ்சியதைத் தின்று பார்த்தார்கள். ருசி இருந்தது, பசி அடங்கவில்லை.

ஏன் இப்படி என்று ஒரு வாரம் போலக் கேட்டார்கள், பிறகு கேட்பதை விட்டார்கள், ஏனென்றால் விடிந்தால் மலைக்குப் போக வேண்டும், அடுப்பு எரிய வேண்டும், எங்கள் ஆட்கள் எதற்கும் பழகிப்போவார்கள், அதுதான் எங்கள் பலம், அதுதான் எங்கள் கேடும். பெண்கள் சடை பின்னுவதை விட்டார்கள், மூன்று கால் எடுத்துப் பின்னினால் முடிவில் இரண்டு கால் பின்னாமல் தொங்கியது, ஆகவே பெரியவள் சின்னவள் எல்லாரும் கொண்டை போட்டார்கள். சீட்டுக் கட்டு மூலையில் கிடந்தது. புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு தட்டில் சோறு போட்டால் சட்டியில் ஒரு பங்கு நின்றது, அதனால் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த ஜோடிகள்கூட ஒரே தட்டில் கைவிட்டுச் சாப்பிட வேண்டியதாயிற்று, அதில் சில பழைய சண்டைகள் தீர்ந்தன, சில புதுச் சண்டைகள் பிறந்தன. பிறகு ஒரு லயமே சேர்ந்து ஒரு பானையில் பொங்கி, பங்கு பிரிக்காமல், அவரவர் பசிக்கு அள்ளிக்கொண்டார்கள். நாற்பது வருஷம் நான் தொண்டை கிழியக் கத்தியும் வராத பொதுவுடைமை மிச்சத்துக்குப் பயந்து வந்து சேர்ந்தது.

நிர்வாகமும் பழகிக்கொண்டது, தன் பாணியில். காலையில் நம்பர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை ஆட்களை மூன்று மலைக்குப் பிரித்தால் இரண்டு பேர் எந்த மலைக்கும் சேராமல் நின்றார்கள், ஒவ்வொரு நாளும் வேறு வேறு இரண்டு பேர். அவர்களை அங்கேயே நிற்க வைத்து, நின்றது கொழுந்து எடுத்தது ஆகாது என்று சொல்லி, அரைப் பேர் போட்டார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து கணக்கு அதிகாரி ஒருவர் வந்தார். துரையின் பங்களாவில் தட்டிலிருந்த பிஸ்கட்டை மூன்று பேருக்குத் தன் கையால் பங்கு வைத்தார், மிஞ்சிய இரண்டையும் சற்று நேரம் பார்த்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜீப் ஏறினார், பிறகு வரவில்லை.

தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கிலிருந்து, குறி சொல்லும் கோடாங்கி சடைப்பனை அழைத்து வந்தது பெண்கள்தான். அவர் உடுக்கையை அடித்து, வேர்த்து, கண் செருகி, ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "பேரக் கேக்குது. பேரக் குடுத்திருங்க, போயிரும்."

வேறு எந்த ஊராக இருந்தாலும் அதை ஒரு விதமாகத்தான் புரிந்துகொண்டிருப்பார்கள். நாங்கள் ஊசிக்கல்காரர்கள். பேர் என்றால் எங்கள் காதில் ஒரு நாள் கூலி என்றுதான் விழும். யாருக்கோ வேலை செய்த பேர் போடாமல் விட்டிருக்கிறார்கள், அந்த ஆத்மா தன் பேரைக் கேட்கிறது என்று முடிவு செய்து, அன்றைக்கு மலைக்குப் போன ஒவ்வொரு பெண்ணும் தன் கூடையிலிருந்து ஒரு கை கொழுந்தை வேறாக எடுத்து வைத்தாள். தன் நிறுவை குறைந்து அரைப் பேராகும் என்று தெரிந்தே எடுத்து வைத்தாள். மற்றவர்கள் ஒரு கை போட்ட இடத்தில், நாலாம் லயத்துச் சிட்டம்மா பாதிக் கூடையைக் கவிழ்த்தாள். ஐம்பதைத் தாண்டிய, அதிகம் பேசாத பெண். மகள் சுகந்தினியையும் இரண்டு பேரப் பிள்ளைகளையும் ஒரே காம்பராவில் வைத்துக் காப்பாற்றுகிறவள். "ஒனக்கு என்னாடி ஆச்சு, ஒறவா என்னா" என்று ரெங்கநாயகி கேட்டதற்கு அவள் மீதிக் கொழுந்தோடு கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

சேர்த்த கொழுந்து ஒரு முழுப் பேருக்கு மேலாகவே இருந்தது. நம்பர் இல்லாத கொழுந்தை நிறுக்க மாட்டேன் என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டதால், அதைச் சாக்கோடு தூக்கிப்போய், எந்தத் திசை என்று தெரியாமல், எல்லா மலைக்கும் பொதுவான மாரியம்மன் கல்லடியில் கொட்டிக் கும்பிட்டார்கள். மறுநாள் கொழுந்து கறுத்துக் கிடந்தது. பிள்ளைகளின் ரொட்டித் தட்டில் இரண்டு ரொட்டி கிடந்தது.

அதற்குப் பிறகுதான் ஞானசீலி டீச்சர் வாயைத் திறந்தார். எங்கள் தோட்டத்துப் பிள்ளை, எங்கள் பள்ளிக்கூடத்திலேயே கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர், அதுவரை வகுத்தல் பாடத்தையே நிறுத்தி வைத்திருந்தார், ஏனென்றால் பிள்ளைகளின் நோட்டுக் கொப்பியில் எந்த எண்ணை மூன்றால் வகுத்தாலும் இரண்டு, ஐந்தால் வகுத்தாலும் மூன்று என்று ஒரே மிச்சம்தான் வந்தது. அந்த ஒரே மிச்சம்தான் அவரை யோசிக்க வைத்தது. சங்கக் கட்டடத்தில் கூடியிருந்தவர்களிடம் அவர் சொன்னது இதுதான்: பன்னிரண்டை வகுத்தாலும் நாற்பதை வகுத்தாலும் ஒரே மிச்சம் விழுகிறது என்றால் அது பன்னிரண்டின் மிச்சமும் இல்லை, நாற்பதின் மிச்சமும் இல்லை; வேறு ஏதோ ஓர் எண்ணின் மிச்சம்; யாரோ ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், எண்ணைச் சொல்ல வாயில்லாததால் மிச்சத்தைச் சொல்கிறார்கள்.

எதன் எண் என்று ஒருவர் கேட்டார். அதற்குப் பதில் நான் சொன்னேன். இந்தத் தோட்டத்தில் ஆட்டுக்கு நம்பர் இல்லை, மாட்டுக்கு இல்லை, மரத்துக்கு இல்லை. மலைக்கு உண்டு, மனுசனுக்கு உண்டு. மலை பதினாலோடு முடிந்துவிடுகிறது, பதினாலுக்குள் இந்த மிச்சமெல்லாம் சேர்ந்து விழுகிற எண் கிடையாது. அப்படியானால் அது ஒரு ஆள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரையும் பெரட்டுக் களத்துக்கு வரச் சொன்னோம். வேலை நாளில் நிற்பது போலவே, ஒன்றாம் நம்பரிலிருந்து நானூறு சொச்சம் வரை, ஒவ்வொருவரும் தன் நம்பரோடு நின்றார்கள். எங்கள் நம்பர்கள் காலியாவதில்லை, தாய் விலகினால் மகளுக்கும் தகப்பன் விலகினால் மகனுக்கும் போகும், ஆகவே எந்த எண்ணாக இருந்தாலும் அதற்கு ஒரு ஆள் அங்கே இருந்தாக வேண்டும்.

மூன்றால் வகுத்தால் இரண்டு மிஞ்சும் நம்பர்க்காரர்கள் மட்டும் நில்லுங்கள், மற்றவர்கள் உட்காருங்கள் என்றார் டீச்சர். வகுத்தால் எல்லாருக்கும் ஒரே மிச்சம்தான் வரும் என்பதால், வகுக்காமல் கண்டுபிடிக்க வழி சொன்னார்: உங்கள் நம்பரில் இருக்கிற இலக்கங்களைக் கூட்டுங்கள், கூட்டியதிலிருந்து மூன்று மூன்றாகத் தள்ளுங்கள், கடைசியில் இரண்டு நின்றால் நீங்களும் நில்லுங்கள். களம் முழுக்க முணுமுணுப்பு எழுந்தது, விரல்கள் மடங்கின, ஈரத் தரையில் சேலையைச் சுருட்டிக்கொண்டு மூன்றில் இரண்டு பங்கு ஆட்கள் உட்கார்ந்தார்கள், உட்காரும்போது பெருமூச்சு விட்டார்கள், ஏனென்றால் கேட்கப்படுவது தாங்கள் இல்லை என்பது அவர்களுக்கு நிம்மதியாக இருந்தது. ஐந்துக்கு மூன்று மிஞ்சுவது சுலபமாக இருந்தது, கடைசி இலக்கம் மூன்றோ எட்டோ இருந்தால் போதும், நின்றவர்களில் பெரும்பாலோர் உட்கார்ந்தார்கள். ஏழுக்குக் குறுக்கு வழி கிடையாது என்று டீச்சர் சொல்லிவிட்டதால், மீதி நின்றவர்கள் கூழாங்கல்லைப் பொறுக்கி வந்து, பங்கு வைக்காமல், ஏழேழாகத் தள்ளிக் குவித்தார்கள், குவிக்கத் திணறியவர்களுக்கு உட்கார்ந்தவர்கள் உதவினார்கள். எல்லாம் முடிந்தபோது நான்கு பேர் நின்றார்கள்.

இருபத்து மூன்று. நூற்று இருபத்தெட்டு. இருநூற்று முப்பத்து மூன்று. முந்நூற்று முப்பத்தெட்டு.

நூற்றைந்து நூற்றைந்தாகத் தாண்டி நிற்கிறார்கள் என்றார் டீச்சர், மூன்றையும் ஐந்தையும் ஏழையும் ஒன்றோடொன்று பெருக்கினால் நூற்றைந்து, அந்த மூன்று மிச்சத்தால் இதற்கு மேல் சல்லடை போட முடியாது. பத்துப் பங்கில் மூன்று மிஞ்சுகிறது அல்லவா, அப்படியானால் அந்த எண் மூன்றில் முடிய வேண்டும். எட்டில் முடிகிற இரண்டு பேர், மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிற ஒருவரும் புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண்ணும், அப்படியே சரிந்து உட்கார்ந்தார்கள்.

இருபத்து மூன்றாம் நம்பர் காத்தமுத்து கங்காணி. நாற்பது பெண்களை மலையில் அதட்டி வேலை வாங்குகிற மனுசன், தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்தார். "டீச்சர், நான் ஒண்ணுமே பண்ணல. போன மாசம் தொரை காய்கறித் தோட்டத்துல ஒரு கோவா எடுத்தேன். அம்புட்டுத்தான்."

உட்கார்ந்திருந்த அவர் மனைவி, "நில்லுய்யா, இன்னும் என்னென்னா எடுத்தியோ வெளிய வரட்டும்" என்றாள். களம் சிரித்தது. அந்தக் காலத்தில் நாங்கள் எல்லாரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கடைசிக் கேள்வி ஒன்பது. இலக்கங்களைக் கூட்டி ஒன்பதைத் தள்ளினால் எட்டு நிற்க வேண்டும். இரண்டும் மூன்றும் ஐந்து. காத்தமுத்து உட்காரவில்லை, விழுந்தார். இரண்டும் மூன்றும் மூன்றும் எட்டு. டீச்சர் அதை வாய்விட்டுக் கூட்டவில்லை. எல்லாரும் தங்களுக்குள் கூட்டிவிட்டு, நின்றுகொண்டிருந்த சிட்டம்மாவைப் பார்த்தார்கள்.

டீச்சர் இறங்கிப் போய், "நீங்க உக்காருங்கக்கா, கணக்கு எங்கயோ பெசகியிருக்கும்" என்றார்.

"கணக்கு சரிதான் டீச்சர்," என்றாள் அவள். "இது என் நம்பர் இல்ல. பேரும் என்னுது இல்ல."

அவள் நின்றபடியே சொன்னதை நான் சுருக்கிச் சொல்கிறேன். சிட்டம்மா என்று ஒருத்தி இருந்தாள். மாயாண்டி என்பவரின் மகள், தகப்பனும் அண்ணனும் கப்பலேறிப் போய்விட்டார்கள், அவளுக்கு மட்டும் கப்பலேறுவதற்கான கடதாசி வரவில்லை, வந்ததும் போகலாம் என்று தனியாக இருந்தாள். மழையில் ஏழாம் நம்பர் மலைக்கு ஆள் அனுப்பக் கூடாது என்றிருந்த நாளில் அனுப்பினார்கள், மலை சரிந்தது, மற்றவர்கள் ஓடி வந்துவிட்டார்கள், அவள் வரவில்லை. மூடிப்போன பக்கத்துத் தோட்டத்திலிருந்து அப்போதுதான் ஒரு குமரி தாயோடு வந்து, வேலை கேட்டு, கோயில் மண்டபத்தில் படுத்துக் கிடந்தாள். மறுநாள் காலை அப்போதைய கணக்கப்பிள்ளை அந்தக் குமரியை வரிசையில் நிறுத்தி, இருநூற்று முப்பத்து மூன்று சிட்டம்மா என்று கூப்பிட்டால் பதில் சொல்லு, காம்பரா ஒனக்கு என்றார். அவர் கூப்பிட்டார். அவள் பதில் சொன்னாள். ஆள் கணக்கு நிறைந்துவிட்டது, ஆட்சேதம் எதுவும் இல்லை. அந்தக் கணக்கப்பிள்ளை எப்போதோ செத்துப்போனார். அதைக் கண்ணால் கண்ட முதியவர்கள் சிலர் களத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார்கள். வயசுக்கு வந்த ஒரு பிள்ளைக்குக் கூரை கிடைக்கிறதே என்று பேசாமல் இருந்து, பேசாமல் இருந்ததையும் பிறகு மறந்திருந்தார்கள்.

அப்போ உன் சொந்தப் பேர் என்ன என்று ரெங்கநாயகி கேட்டாள். "அத நான் சொல்லி என்னா ஆகப்போகுது" என்று அவள் சொன்னாள். மகள் சுகந்தினி தன் தாயை அன்றுதான் முதல் தடவை பார்ப்பவள் போல வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு தோட்டம் இரண்டு பட்டது. சிட்டம்மா செத்தாள் என்று வெளியே சொன்னால், நம்பரும் காம்பராவும் செத்தவளுடையது, இத்தனை வருஷ வேலையும் செத்தவள் பேரில், இந்தப் பெண்ணும் மகளும் பேரப் பிள்ளைகளும் ரோட்டுக்கு வருவார்கள். சொல்லாவிட்டால் மலையில் கிடப்பவள் கிடப்பாள், மிச்சமும் விழுந்துகொண்டே இருக்கும். விழட்டுமே என்றார்கள் ஒரு சாரார். ஒரே பானையில் பொங்கப் பழகிவிட்டோம், கொண்டை போடப் பழகிவிட்டோம், உசிரோடு இருக்கிறவளின் கூரையைப் பிடுங்கிச் செத்தவளுக்குப் பேர் கொடுக்க வேண்டுமா. அவளும் ஒரு தாய்க்குப் பிறந்தவள்தானே என்றார்கள் மறு சாரார். கோபம் முற்றி, ஒரே தட்டில் சாப்பிட்ட ஜோடிகள் மறுபடி இரண்டு தட்டு எடுத்தார்கள்.

நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினேன், நல்ல பிரசுரம், ஒருத்தியைக் கொன்று இன்னொருத்தியை விழுங்கிய நிர்வாகம் என்று தலைப்பு. அச்சுக்குக் கொடுக்கும் முன் அவள் காம்பராவுக்கு எடுத்துப்போய் வாசித்துக் காட்டினேன். அடுப்பை ஊதிக்கொண்டே முழுவதும் கேட்டாள்.

"நல்லா இருக்குங்க தலைவரே. இதுல என்னைய என்னான்னு போட்டிருக்கீங்க?"

"தொழிலாளி, எண் இருநூற்று முப்பத்து மூன்று."

"தொரையும் அப்பிடித்தான் போடுறான்," என்றாள்.

அந்தத் தாள் இன்னும் அச்சாகவில்லை.

அவளே முடிவு செய்தாள். செத்தவளின் பேரில் இத்தனை வருஷம் சோறு தின்றாகிவிட்டது, அவளுக்குக் காரியம் செய்யாமல் வேலையை விட்டு விலகும்போது தரும் கடைசிச் சம்பளத்தை வாங்கினால் அது தொண்டையில் இறங்காது, ரோட்டில் படுப்பது தனக்குப் புதிதில்லை என்றாள். அடுத்த ஞாயிறு தோட்டம் முழுவதும் ஏழாம் நம்பர் மலைச் சரிவுக்கு ஏறியது, வேண்டாம் என்று சொன்னவர்களும் ஏறினார்கள். சரிவின் நடுவில், தேயிலை நடாமல் மானா புல் மண்டிக் கிடந்த இடத்தில், அவள் சோற்றுப் பானையை இறக்கி வைத்து, கும்பிடாமல், ஒரு ஆளிடம் பேசுவது போல மண்ணைப் பார்த்துச் சொன்னாள். "மாயாண்டி மக சிட்டம்மா இங்க கெடக்கா. எல்லாரும் கேட்டுக்கங்க. நான் அவ இல்ல."

யாரும் அழவில்லை. முப்பது வருஷத்துக்குப் பிறகு எப்படி அழத் தொடங்குவது என்று எவருக்கும் தெரியவில்லை. பிறகு ரெங்கநாயகி ஒருத்தி குரலெடுத்தாள், மலை முழுக்கக் கேட்டது. சாமிக்கு ஒன்று, செத்தவளுக்கு ஒன்று, காக்கைக்கு ஒன்று என்று மூன்று இலை போட்டார்கள், பானை கொண்டுவந்தவளே மூன்று இலைக்கும் சரிசமமாகச் சோறு வைத்தாள், பானையைச் சாய்த்தாள். பானையில் ஒன்றும் இல்லை. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். இறங்கும் வழியில் ஒரு தாய் நின்று தன் மகளின் கொண்டையை அவிழ்த்துப் பின்னிவிட்டாள்.

பங்களாவுக்கு விஷயம் எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் காலை பெரட்டில், நிரோசன் என்கிற இப்போதைய கணக்கப்பிள்ளை, எங்கள் லயத்திலேயே பிறந்து காற்சட்டை போட்ட பையன், நம்பர்களைக் கூப்பிட்டு வந்தான். இருநூற்று முப்பத்து இரண்டு. இருநூற்று முப்பத்து நான்கு. இடையில் நின்றவள் நின்றபடி இருந்தாள். இறந்துபோன தொழிலாளிக்கு வேலை இல்லை என்பது துரையின் உத்தரவு, இறந்துபோன தொழிலாளியின் காம்பராவை மாத முடிவுக்குள் காலி பண்ண வேண்டும். முப்பது வருஷம் ஒத்துக்கொள்ளாத சாவை ஒரு ராத்திரியில் ஒத்துக்கொண்டார்கள், அதில் ஒரு காம்பரா லாபம் இருந்ததால்.

அதற்கு அடுத்த நாளும் களத்துக்கு எல்லாரும் வந்தார்கள். நான் நடத்திய வேலைநிறுத்தங்களில் நாங்கள் களத்தை விட்டு வெளியேறுவோம், கோஷம் போடுவோம், அவர்கள் வராதவர்கள் என்று எழுதிக்கொள்வார்கள். இந்தத் தடவை பெண்கள் என்னைக் கேட்கவில்லை. கூடையோடும் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கோடும் வந்து, வரிசையில் நின்றார்கள். நிரோசன் ஒன்று என்றான். ஒன்றாம் நம்பர் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது, பதில் சொல்லவில்லை. இரண்டு என்றான், மூன்று என்றான், இருபத்து மூன்று என்றபோது காத்தமுத்து கங்காணி தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டாரே ஒழிய வாயைத் திறக்கவில்லை. நானூறு சொச்சம் நம்பரும் காற்றில் போயின. வந்திருக்கிறார்கள், ஆகவே வரவில்லை என்று எழுத முடியாது. பதில் இல்லை, ஆகவே வந்தார்கள் என்றும் எழுத முடியாது. மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும். மழைக்குப் பிந்தின வெயில் அடித்துக்கொண்டிருந்தது, மலைகளில் கொழுந்து கண் முன்னால் முற்றிக்கொண்டிருந்தது, இன்னும் கொஞ்ச நாளில் அது தொழிற்சாலைக்கு ஆகாத இலையாகிவிடும்.

துரை ஜீப்பில் வந்து இறங்கினார். எல்லாருக்கும் அரைப் பேர் போடு என்றார். நிரோசன் பேனாவைத் திறந்தான், மூடினான்.

"யாருக்குப் போடறது சேர்," என்றான். "ஒருத்தரும் பதில் சொல்லலியே."

துரை வரிசையைப் பார்த்தார், வரிசைக்குப் பின்னால் பறிக்காத கொழுந்தால் வெளிர்ந்துகொண்டிருந்த மலையைப் பார்த்தார். பிறகு நிரோசனிடம் ஆங்கிலத்தில் சுருக்கமாக ஏதோ சொல்லிவிட்டு, ஜீப்புக்குப் போய்ச் சாய்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு சிகரெட் பற்ற வைத்தார்.

நிரோசன் நாலாம் லயத்து வரிசைக்கு வந்து அவள் முன்னால் நின்றான். வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளை விடும் பிள்ளைக்காம்பராவில், சின்ன வயதில் அவனைத் தூக்கி வைத்திருந்தவள் அவள். "அம்மா, ஒங்க பேரு என்னா? அப்பா பேரோட சொல்லுங்க."

"சத்தமாச் சொல்லு தாயீ," என்றாள் ரெங்கநாயகி பின்னாலிருந்து.

அவள் தலையசைத்து மறுத்தாள். "நான் சத்தமாச் சொன்னா அது நான் சொன்னதுதான். அன்னைக்கு இந்தக் களத்துல நின்னுதான் அவ பேர எனக்குக் கூப்புட்டாக. நீ எழுதிக்க தம்பி. எழுதி, அங்க போயி நின்னு, நீ படிக்கணும். இவங்க எல்லாம் கேக்கணும்."

அவன் குனிந்தான். அவள் அவன் காதில் சொன்னாள். தகப்பன் பெயர் அவனுக்குச் சரியாகப் பிடிபடவில்லை போல, மறுபடி கேட்டான், அவள் மறுபடி சொன்னாள், அவன் எழுதிக் காட்டினான், அவளுக்கு வாசிக்கத் தெரியாததால் சுகந்தினி எட்டிப் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தாயின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நிரோசன் களத்தின் தலைமாட்டுக்குத் திரும்பிப் போனான். களத்தோரம் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்றவர்கள் எழுந்தார்கள், பள்ளிக்கூடத்து வாசலில் ஞானசீலி டீச்சர் பிள்ளைகளை வெளியே கொண்டுவந்து நிறுத்தினார், நான் தொப்பியைக் கழற்றினேன். ஜீப்பின் பக்கத்தில் துரையும் திரும்பிப் பார்த்தார்.

நிரோசன் தொண்டையைச் செருமிக்கொண்டு, இருநூற்று முப்பத்து இரண்டு என்றான்; வந்திருக்கேன் என்று ஒரு குரல் வந்தது, பல நாளுக்குப் பிறகு அந்தக் களத்தில் வந்த முதல் பதில். அவன் ஒரு மூச்சு எடுத்தான், பிறகு அத்தனை பேருக்கும் கேட்கும்படி படித்தான்.

"இருநூற்று முப்பத்து மூன்று. சன்னாசி மகள் மருதாயி."